மூக்குப் பெருத்த சன்னம்

போன மாதம் நிவேதா தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு சொல்லப் பார்த்தபோதெல்லாம் பதில் நீண்டுகொண்டே போனது. அதனால் எழுதிவிடுவதே மேல்.

நிவேதா கோயம்புத்தூர்க்காரர். கோல்டிங்கில் நான் வேலை செய்த பட்டறையில், நான் ஓய்வுபெற்றபின் என் மேசைக்கு வந்த பொறியியலாளர். டென்மார்க்கில் வேட்டைக்கு ஈயச் சன்னம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால், பட்டறை இப்போது பெரும்பாலும் செம்பைக் கடைந்தே சன்னம் செய்கிறது. ஈயம் வார்க்கும் அச்சுகள், பழைய ரைபிள்களால் கடதாசி இலக்கைச் சுடும் விளையாட்டுக்காரர் சிலருக்காக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சன்னம் என்று நான் சொல்வது முழுத் தோட்டாவை அல்ல; வெடிமருந்து எரிந்ததும் குழலை விட்டுப் பறந்து போகும் உலோகத் துண்டை மட்டும். அதற்கு வடிவம் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

"சார், உங்க பழைய டிராயிங் எல்லாம் பாத்துட்டு இருக்கேன். எல்லாமே ஒல்லியா, அழகா இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் சார் கேரட் மாதிரி இருக்கு? தப்பா வரைஞ்சுட்டீங்களா?"

தப்பாகத்தான் வரைந்தேன். ஆனால் அதை அல்ல, மற்றவற்றை.

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். இங்கே மொழிப் பள்ளி, மீன் தொழிற்சாலை, தொழிற்பயிற்சி, கடைசல் இயந்திரம். இவற்றை ஒரு வரியில் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லா இடத்திலும் எனக்குக் குளிர்ந்தது, எல்லா இடத்திலும் விளங்காமலே தலையாட்டினேன். அப்படித் தலையாட்டித்தான் இந்தப் பட்டறைக்கும் வந்தேன். வேலை அலுவலகத்துப் பெண் "நுண்ணிய வார்ப்பு அச்சுகள்" என்றார். பொத்தானோ பொம்மையோ என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போய்ச் சில நாள் கழித்துத்தான் என்ன வார்க்கிறார்கள் என்று புரிந்தது. சன்னத்துக்குப் பயந்து மூன்று நாட்டு விமான நிலையங்களில் தரையில் படுத்து ஓடிவந்த ஒருவன், கடைசியில் சன்னம் செய்யும் பட்டறை வாசலில் போய் நின்றிருக்கிறேன். குறி தவறாமல் ஓடியிருக்கிறேன் என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டில் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. என் மனைவி வசந்தியின் தம்பி குகன் ஊரில் சன்னம் பட்டு இறந்தவன். நான் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"ஆரைச் சுடுறதுக்கு?"

"ஆரையும் இல்லை. கடதாசியை."

"கடதாசி என்ன பிழை செய்தது?"

பிறகு அவளே, "சரி, போங்கோ. ஆனா ஒண்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளயும் வரக்கூடாது" என்றாள். நான் வேலைக்குப் போனேன்.

இங்கிருக்கும் எங்கள் ஊராருக்கு "அச்சு செய்யிற வேலை" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் அச்சகம் என்று எடுத்துக்கொண்டார்கள். கெட்டகாலத்துக்கு, மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் பழைய ஈய எழுத்துகளைப் பட்டறை வாங்கியது. ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த உலோகம் அது; சன்னம் வார்க்க அதைவிட நல்ல கலவை கிடையாது. அந்த எழுத்து மூட்டைகளை நான் வண்டியில் ஏற்றுவதைக் கோயில் செயலாளர் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து, "அண்ணை, திருவிழா நோட்டீஸ் கொஞ்சம் அடிச்சுத் தாங்கோவன், உங்கட இடம்தானே" என்றார். இல்லை என்று விளக்க வெட்கப்பட்டு ஓம் என்றேன். அதன்பின் பல வருடம் ஒடென்சேயில் ஒரு கடையில் கொடுத்து நோட்டீஸ் அடித்து, எங்கள் இடத்தில் அடித்ததுபோலக் கொண்டுவந்து கொடுத்தேன். "எழுத்து நல்ல வடிவா விழுந்திருக்கு அண்ணை" என்று பாராட்டும் வாங்கினேன்.

பட்டறையின் முதலாளி பிரெபென். என்னைவிடச் சில வயது மூத்தவர், நெடியவர், பேச்சுக் குறைந்தவர். அவர் வாயில் அதிகம் வரும் சொல் "நோ". டேனிஷ் மொழியில் அது ஒரு சொல்லே அல்ல, மூச்சு. அப்படியா, சரி, பார்ப்போம், பாவம், இனித் தொடங்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். எனக்கோ ஆங்கிலத்து "நோ" மட்டும் தெரியும். நான் செய்து கொண்டுபோய்க் காட்டும் ஒவ்வொரு அச்சையும் பார்த்து அவர் "நோ" என்பார். நான் திரும்பிப்போய் முழுவதையும் புதிதாகச் செய்வேன். மறுபடி "நோ". மறுபடி செய்வேன். இவ்வளவு கறாரான மனிதர் உலகத்தில் இல்லை என்று வசந்தியிடம் சொல்லிப் புலம்பினேன். அவரோ, இவ்வளவு திருப்தியடையாத தொழிலாளி உலகத்தில் இல்லை என்று தன் மனைவியிடம் வியந்திருக்கிறார். அந்தப் புகழில்தான் எனக்கு வடிவமைப்பு மேசை கிடைத்தது. உண்மை தெரிந்தபோது மேசையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வார்க்கும் முறையை அவர் வாயால் சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார். இரண்டு பாதியாகத் திறக்கும் இரும்பு அச்சை முதலில் உருகிய ஈயத்தின் மேல் பிடித்துச் சூடாக்குவார். அச்சு குளிர்ந்திருந்தால் சன்னம் சுருங்கிப் போகும். மிதமிஞ்சிச் சூடானால் பனி படிந்ததுபோல வெளிறும். ஊற்றியபின் துவாரத்தின் மேல் நிற்கும் ஈயக் குமிழையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது பளபளப்பை இழந்து மங்கும் கணத்தில், மேல் தகட்டை மரச் சுத்தியலால் தட்டி விலக்குவார். சன்னம் மடித்த துவாய்த் துணியின்மேல் விழும். ஆறியதும் அதன் அடிப்பாகத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றுவார். மூக்கில் சிறு வடு இருந்தாலும் சன்னம் பிழைத்துக்கொள்ளும். அடி விளிம்பில் மழுங்கல் இருந்தால் நேராகப் போகாது, ஏனென்றால் குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிதான். பிறகு கண்ணாடித் தட்டில் உருட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பார். நல்லது சட்டையின் இடது பொக்கற்றுக்குள் போகும், மற்றது உருக்கும் சட்டிக்குள். நானும் காதைச் சாய்த்துப் பல வருடம் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

இந்த லட்சணத்தில்தான் கிர்ஸ்டன் வந்தார்.

கிர்ஸ்டன் கோல்டிங்கில் பஸ் ஓட்டிய பெண்மணி, ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். அப்பாவின் பழைய ராணுவ ரைபிளால் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போவார். வார்த்த ஈயச் சன்னத்தால் மட்டும் சுடும் பிரிவு அவருடையது. மெதுவாகப் பறக்கும் சன்னத்தைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, வேகமாகவும் நேராகவும் போகும் ஒன்று வேண்டும் என்றார். இது இந்தத் தொழிலின் பழைய தலையிடி. ஈயம் மென்மையானது. மெதுவாகச் சுட்டால் சொன்ன பேச்சுக் கேட்கும். வேகத்தைக் கூட்டினால், குழலின் உட்சுவரில் திருகாணிபோலச் சுற்றிச் செல்லும் வரிகளில் உரசிச் சிதையும், சூட்டில் அடிப்பக்கம் கரையும், இலக்கில் நாலாபக்கமும் தெறிக்கும்.

நான் அப்போது என்னை ஒரு விஞ்ஞானி என்று எண்ணிக்கொண்டிருந்த காலம். கிர்ஸ்டனின் ரைபிளை ஒருமுறை கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வகை ரைபிளின் அளவுகள் புத்தகத்தில் இருந்தன, எனக்கு அது போதுமாக இருந்தது. நீண்ட மெல்லிய மூக்கு, மெழுகு பூசுவதற்கு அழகான பள்ளங்கள், அடியில் சூட்டைத் தாங்க ஒரு செம்புக் கிண்ணி. வரைந்து முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். இவ்வளவு வடிவான சாமானை நான் அதுவரை செய்ததில்லை.

பிரெபென் சுடுதளத்தில் வைத்துப் பட்டறையின் பரிசோதனைக் குழலால் சுட்டபோது அது அருமையாகப் போனது. கிர்ஸ்டனின் ரைபிளில் மெதுவாகச் சுட்டால் சுமார். வேகத்தைக் கூட்டினால், இலக்கில் கோழி கிளறியதுபோல இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். ஈயம் மென்மை, அதுதான் என்று நான் கலவையைக் கடினமாக்கினேன். இன்னும் மோசமானது. இன்னும் கடினமாக்கினேன், மூக்கை இன்னும் நீட்டினேன். மேலும் மோசமானது. நான் கிர்ஸ்டனின் கைநடுக்கத்தைச் சந்தேகித்தேன்.

பிரெபென் ஒருநாள் என் மேசைக்கு வந்து கார்ச் சாவியை வைத்தார். "போய்ப் பார்ப்போம்" என்றார்.

அத்தனை வருடத்தில் நான் சுடுதளத்துக்குப் போனதே இல்லை. ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன், பிரெபெனும் வற்புறுத்தியதில்லை. அன்றைக்குப் போனோம். காடு சூழ்ந்த நீளமான புல்வெளி, தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் இலக்குச் சட்டங்கள். காதை மூடும் கருவி தந்தார்கள். நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழலின் நீளம் பற்றிக் கிர்ஸ்டனுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சுடுபாதையில் யாரோ சுட்டார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் வாய்க்குள் புல். என்னிடம் ஒரு சொல் கேளாமல் உடம்பு தானே போய் நிலத்தில் படுத்துவிட்டது. இரண்டு கையும் தலைமேல். எழும்பச் சொன்னால் எழும்பவும் மாட்டேன் என்கிறது. இருபது வருடம் சன்னத்துக்கு அழகு பார்த்த மனிதன், பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர் நடுவில் ஈரப் புல்லில் குப்புறக் கிடந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. கிர்ஸ்டன் ரைபிளைப் பக்கத்தில் வைத்துவிட்டு மெல்ல முழங்காலிட்டு, என் அருகிலேயே வயிற்றில் படுத்தார்.

"நானும் படுத்துத்தான் சுடுவேன்" என்றார். "ஆனால் இந்த இடம் கொஞ்சம் ஈரம்."

பிரெபென் போய் ஒரு ரப்பர் விரிப்பை எடுத்துவந்து எங்களுக்கு அருகில் விரித்தார். நான் அதன்மேல் உருண்டு ஏறினேன். அன்றைய பரிசோதனை முழுவதையும் அங்கிருந்தே பார்த்தேன். காதுக் கருவி இப்போது காதில் இருந்தது. படுத்துக்கொண்டு மேற்பார்வை செய்த வடிவமைப்பாளன் டென்மார்க்கில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

கிர்ஸ்டனின் கை நடுங்கவில்லை. கருங்கல்போல இருந்தது. அவர் சுடச்சுட என் சன்னங்கள் இலக்கின் மூலைகளுக்கு ஓடின. கடைசியாகப் போனது இலக்கையே விட்டுவிட்டு, பக்கத்துச் சுடுபாதையின் எண் பலகையை உடைத்தது. தளப் பொறுப்பாளர் சிவப்புக் கொடியை ஏற்றி எல்லோரையும் நிறுத்தினார். வந்து கிர்ஸ்டனிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: இலக்குச் சட்டத்துக்கு வெளியே இன்னொன்று போனால் இந்தச் சன்னத்தை இங்கே சுடவிட மாட்டேன், எங்கே போகும் என்று தெரியாத ஒன்றை யாரும் சுடக்கூடாது.

திரும்பி வரும்போது காரில் பிரெபென் ஒருமுறை "நோ" என்றார். அது எந்த "நோ" என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வசந்தி என் சட்டையைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்கப் பச்சைக் கறை.

"எங்க விழுந்தனீங்கள்?"

சொன்னேன். படுத்ததைச் சொன்னேன், எண் பலகையைச் சொன்னேன். "நாளைக்கு பிரெபெனிட்டைச் சொல்லப் போறன், இது சரிவராது, விடுவம் எண்டு. ஈயத்துக்கு அவ்வளவு வேகம் ஒத்துவராது."

அவள் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"குகனை ஒருத்தரும் குறிவைக்கேல்லை" என்றாள். "அவன் தோட்டத்தில பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டு நிண்டவன். ஆரோ எங்கயோ தூரத்தில எதையோ சுட்டது. அது அங்க போகாமல் இவனிட்டை வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"ஓம், தெரியும்."

"நீங்கள் விட்டால் அந்த மனுசி சுடுறதை விடுவாவோ?"

"விடமாட்டா. வேற எங்கயாவது வாங்குவா."

"அப்ப அதைக் குறி வைச்ச இடத்துக்குப் போகப் பண்ணிப்போட்டு விடுங்கோ." தன் கோப்பையைக் கையில் எடுத்தவள், குடிக்காமல் கேட்டாள்: "அது எந்த இடத்தில வழி மாறுது? துவக்குக்குள்ளயோ, வெளியில போனாப்பிறகோ?"

"நீர் கேக்கிறது நல்ல கேள்வி" என்று தொடங்கினேன். காற்று, சுழற்சி, கலவையின் கடினம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். தேநீர் ஆறிவிட்டது. கடைசியில் பார்த்தால், எந்த இடத்தில் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் கிர்ஸ்டனிடம் ரைபிளைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். மருந்தில்லாத ஒரு தோட்டாவில் என் அழகுச் சன்னத்தைப் பொருத்தி, ரைபிளுக்குள் வைத்து மூடித் திறந்தோம். சன்னம் சரியாகப் பொருந்தியிருந்தால், குழல்வரிகள் அதன் மூக்கைச் சுற்றிலும் கீறியிருக்க வேண்டும். என் சன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் இலேசாக ஒரு கீறல். மறுபக்கம் குழந்தையின் கன்னம்போல இருந்தது.

பிறகு மிருதுவான ஈயத்தைக் குழலின் தொடக்கத்துக்குள் அழுத்தி, உள்ளிருப்பதை அப்படியே பிரதி எடுத்தோம். அந்தப் பிரதியைக் கையில் வைத்துப் பார்த்தபோது காது சூடாகிவிட்டது. புத்தகத்தில் இருந்தது தொழிற்சாலையை விட்டு வந்த புது ரைபிளின் அளவு. கிர்ஸ்டனின் அப்பாவும், அவருக்கு முன் யாரோ சிப்பாய்களும் சுட்டுச் சுட்டு, குழலின் தொடக்கம் புனல்போலத் தேய்ந்து விரிந்திருந்தது. என் ஒல்லி மூக்கு அந்தப் புனலுக்குள் அண்ணனின் சட்டையைப் போட்ட தம்பிபோல ஒரு பக்கம் சரிந்து கிடந்திருக்கிறது. சுட்டதும் சரிவோடே வரிகளுக்குள் இறுகி, சரிவோடே சுழன்று, வெளியே போனதும் தன் இஷ்டத்துக்குப் போயிருக்கிறது. மெதுவாகத் தள்ளினால் மென்மையான ஈயம் கொஞ்சம் நெகிழ்ந்து நிமிர்ந்துகொள்ளும். வேகமாகத் தள்ளினால் அதற்கு நேரமில்லை. நான் கலவையைக் கடினமாக்கக் கடினமாக்க, நிமிரும் கொஞ்ச வாய்ப்பையும் பறித்திருக்கிறேன். மூக்கை நீட்ட நீட்ட, சரிவதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன். அந்த ஆண்டு நான் செய்த ஒவ்வொரு திருத்தமும் சன்னத்தை முன்னையதைவிடக் கெடுத்திருந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பிழைவிடுவதும் ஒரு திறமைதான்.

"கிர்ஸ்டன், உங்கள் கையைச் சந்தேகித்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "பஸ்ஸில் ஏறுபவர்களும் பிரேக்கைத்தான் குறைசொல்வார்கள்."

அதன்பின் வரைந்ததுதான் நிவேதா கேட்ட கேரட். பருத்த, நீளமாகச் சரிந்து குறுகும் மூக்கு. அந்தத் தேய்ந்த புனலுக்குள் சுற்றிவர ஒரே அளவாக உட்காரும்படி, பிரதியைப் பார்த்து, புத்தகத்தைப் பாராமல் வரைந்தேன். கலவையையும் கொஞ்சம் இளக்கினேன். அச்சை வெட்டி வார்த்துத் துவாயில் போட்டபோது, ஐயோ, என்ன அவலட்சணம். பிரெபென் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணாடியில் உருட்டினார், காதைச் சாய்த்தார். பிறகு சட்டையின் இடது பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, "நோ, இது குண்டாக இருக்கிறது" என்றார். அவரிடம் நான் கேட்ட மிக நீண்ட விமர்சனம் அதுதான்.

தளப் பொறுப்பாளர் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். முதலில் மெதுவான சுடுதல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம். நான் கேட்காமலே ரப்பர் விரிப்பு விரிக்கப்பட்டிருந்தது. நானும் கேட்காமலே அதில் படுத்துக்கொண்டேன். கிர்ஸ்டன் முழு வேகத்தில் சுட்டு முடித்து, தொலைநோக்கியை என் பக்கம் தள்ளினார். ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஒரு கோப்பையால் மூடிவிடலாம்போல நடுவில் கிடந்தன. நான் தொலைநோக்கியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். கண்ணாடியில்தான் ஏதோ ஈரம் என்று கிர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் நம்பியதுபோல இருந்தார்.

போட்டி ஒடென்சேக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் நடந்தது. புறப்படும்போது வசந்தி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாறன்."

"அங்க சத்தம் வசந்தி."

"சத்தம் எனக்குத் தெரியாததோ?"

அவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு மடக்குக் கதிரையில் இருந்தாள். முதல் வெடிக்கு அவள் கைகள் கதிரைக் கையைப் பிடித்தன, அவ்வளவுதான். நான் அருகில் விரிப்பில் படுத்திருந்தேன். எங்களைப் பார்த்தவர்கள் யார் யாருக்குத் துணைக்கு வந்தவர் என்று குழம்பியிருப்பார்கள்.

கிர்ஸ்டன் நாலாவதாக வந்தார். ஒரே ஒரு வெடி கொஞ்சம் விலகிப் போயிருந்தது. "அது நான். உங்கள் சன்னம் இல்லை" என்றார். தோற்ற ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பிரெபென் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார். நான் முதல் இடம் கிடைத்ததுபோல நாலு பேருக்கு மூக்கின் சரிவை விளக்கத் தொடங்கிவிட்டேன்.

வசந்தி என் கையைத் தொட்டாள். "அந்தக் கடதாசி நிக்கிற இடத்துக்குப் போகலாமோ எண்டு கேளுங்கோ."

"ஏன்? அவையள் கொண்டுவந்து தருவினம்."

"கேளுங்கோவன்."

கேட்டேன். பொறுப்பாளர் தலையாட்டினார். சிவப்புக் கொடி ஏறியது. எல்லோரும் ரைபிள்களைத் திறந்தபடி நிலத்தில் வைத்துவிட்டுச் சுடும் கோட்டுக்குப் பின்னால் விலகி நின்றார்கள். நாங்கள் இருவரும் புல்வெளியில் நடந்தோம். அது நான் நினைத்ததைவிட நீளம். அத்தனை வருடம் அந்தத் தூரத்துக்குக் கணக்குப் போட்டவன், ஒருநாளும் அதை நடந்ததில்லை.

வசந்தி இலக்கைப் பார்க்கவில்லை. அதன் சட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, நாங்கள் வந்த திசையைப் பார்த்தாள். அங்கே சுடுபவர்கள் சிறு புள்ளிகளாக நின்றார்கள். கிர்ஸ்டன் யார், பிரெபென் யார் என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.

"இங்கயிருந்து பார்க்க ஆரெண்டே தெரியேல்லை" என்றாள்.

"ஓம்" என்றேன். அவள் நின்ற வரைக்கும் நானும் பக்கத்தில் நின்றேன். காற்று அடித்தது, கடதாசி படபடத்தது. பிறகு அவள், "சரி, வாங்கோ" என்றாள்.

வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள். நானும் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் சுடும் கோட்டைக் கடந்து வந்து சேரும்வரை, அங்கே ஒருவரும் துப்பாக்கியைத் தொடவில்லை.